புதுச்சேரி வெயிலில் ஒயினும் ஐஸும்: எதில் போடலாம், எவ்வளவு, எப்படி

மே மாதத்தில் மாலை ஆறு மணிக்கும் புதுச்சேரி வீடுகளில் ஃபேன் காற்று சூடாகத்தான் இறங்கும். அறைக்குள் 32 டிகிரி என்றால், அலமாரியில் இருக்கும் ஒயின் பாட்டிலும் 32 டிகிரிதான். அதை அப்படியே கிளாஸில் ஊற்றினால் முதலில் மூக்கில் ஏறுவது ஸ்பிரிட் நெடி. பழ வாசனையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்கலாம் என்ற பழைய வழக்கம், 16 முதல் 18 டிகிரி வரை இருந்த ஐரோப்பிய வீடுகளில் உண்டானது. நம் பக்கம் மார்கழி விடியலில்கூட வீட்டுக்குள் அந்தக் குளிர் வராது.

ஆகவே இங்கே ஒயினைக் குளிர வைப்பது கட்டாயம். கிளாஸில் ஐஸ் போடுவது அவரவர் விருப்பம். இரண்டும் வேறு வேறு வேலை. சூடான ஒயினை ஊற்றி, ஐஸைப் போட்டே குளிர வைக்கப் பார்க்கும்போதுதான் ஒயின் தண்ணீராகிறது. பிறகு "ஒயின்ல ஐஸே போடக்கூடாது" என்று பழி முழுவதும் ஐஸ் மேல் விழுகிறது.

கணக்குப் போட்டால் புரியும். ஒரு கிளாஸுக்கு 150 மி.லி. ஒயின், 32 டிகிரியில். ஐஸை மட்டும் கொண்டு அதை 10 டிகிரிக்கு இறக்க, சுமார் 33 கிராம் ஐஸ் முழுதாகக் கரைந்தாக வேண்டும். வீட்டு ஃப்ரீசர் ட்ரேயில் விழும் கட்டி ஒன்று 20 முதல் 25 கிராம் இருக்கும். ஆக ஏறக்குறைய ஒன்றரைக் கட்டி. 13 சதவீத ஒயின் இதில் 10.7 சதவீதத்துக்கு வந்துவிடும். ஆல்கஹால் குறைவது பெரிய நஷ்டமில்லை. புளிப்பும் பழச்சுவையும் மணமும் அதே விகிதத்தில் குறைகின்றனவே, அதுதான் நஷ்டம். இதே ஒயின் முன்பே ஃப்ரிட்ஜில் குளிர்ந்து, மேசையில் இருந்த நேரத்தில் 13 டிகிரிக்கு ஏறியிருந்தால், அதை 9 டிகிரிக்குத் திருப்ப 6 கிராம் ஐஸ் போதும். கால் கட்டி. 13 சதவீதம் 12.5 ஆகும், நாக்குக்கு அது தெரியாது.

முதலில் பாட்டில் குளிரட்டும்

நேரம் இருந்தால் ஃப்ரிட்ஜ் போதும். வெள்ளை ஒயின், ரோஸே எனும் இளஞ்சிவப்பு ஒயின், நுரைக்கும் ஒயின் மூன்றுக்கும் குறைந்தது 3 மணி நேரம். சிவப்புக்கு ஒன்றே கால் மணி நேரம். கதவுத் தட்டில் வைக்காமல் உள்தட்டில் படுக்க வையுங்கள். அடிக்கடி திறக்கும் வீட்டில் கதவுப்பக்கம் எப்போதும் சூடு கூடுதல்.

நேரம் இல்லையென்றால் வாளி. பாட்டில் கழுத்துவரை மூழ்கும் ஆழமுள்ள வாளியில் ஒன்றரை முதல் 2 கிலோ ஐஸைப் போட்டு, அதன் மேல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, 100 கிராம் கல் உப்பு தூவுங்கள். தண்ணீர் ஊற்றுவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வெறும் ஐஸ் பாட்டிலை ஆங்காங்கே மட்டும் தொடும், இடையில் இருப்பது காற்று. காற்று சூட்டை மெதுவாகத்தான் வாங்கும். தண்ணீர் இருந்தால் பாட்டிலைச் சுற்றிலும் தொடும். உப்பு சேர்ந்தால் அந்தத் தண்ணீர் 0 டிகிரிக்குக் கீழேயும் இறங்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பாட்டிலைச் சுழற்றி விடுங்கள். 32 டிகிரியில் இருந்த வெள்ளை ஒயின் சுமார் 25 நிமிடத்தில் 10 டிகிரிக்கு வரும். சிவப்பை 12 முதல் 15 நிமிடத்துக்குள் எடுத்துவிட வேண்டும். தண்ணீர் கழுத்துவரை ஏறாவிட்டால் முதல் கிளாஸ் சூடாகவே வரும்.

ஃப்ரீசரில் வைப்பதென்றால் 45 நிமிடம், அதுவும் போனில் அலாரம் வைத்துக்கொண்டு. ஒயின் மைனஸ் 5, 6 டிகிரியில் உறையத் தொடங்கும்; உறையும்போது விரிந்து கார்க்கைத் தள்ளும், சில சமயம் பாட்டிலே விரிசல் விடும். நுரைக்கும் ஒயினை ஃப்ரீசரில் வைக்கவே வேண்டாம். உள்ளே அழுத்தம் அதிகம், வெடிக்கும்.

மண்பானைத் தண்ணீரில் பாட்டிலை வைப்பது, ஈரத்துணி சுற்றி ஜன்னலோரம் வைப்பது போன்றவை உள்நாட்டு வறண்ட காற்றுக்கு ஏற்றவை. கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், ஆவியாவது குறைவு. புதுச்சேரியிலும் கடலூரிலும் கோடையில் அப்படி வைத்த பாட்டில் 26, 27 டிகிரிக்குக் கீழே வராது.

எந்த ஒயினுக்கு எவ்வளவு குளிர் என்பதை மனதில் வைக்க நான்கு எண்கள் போதும்: நுரைக்கும் ஒயின் 6 முதல் 8 டிகிரி, வெள்ளையும் ரோஸேயும் 8 முதல் 10, ஓக் பீப்பாயில் இருந்த கனமான வெள்ளை 10 முதல் 13, கனமான சிவப்பு 16 முதல் 18. நம் ஊரில் ஊற்றிய பத்து நிமிடத்திலேயே கிளாஸில் 3, 4 டிகிரி ஏறிவிடும். அதனால் இந்த எண்களை விட 2 டிகிரி குறைவாக மேசைக்கு வருவது நல்லது.

ஐஸ் கட்டியின் தரம்

ஒயினைப் பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டு, ஃப்ரீசரில் வஞ்சிரத்துக்குப் பக்கத்தில் திறந்த ட்ரேயில் ஒரு மாதமாகக் கிடந்த ஐஸை எடுத்துப் போட்டால் எல்லாம் போயிற்று. ஐஸ் வாசனையை இழுத்துக்கொள்ளும். மீன், இஞ்சி பூண்டு விழுது, மல்லிப்பூ எதுவானாலும் கரையும்போது ஒயினுக்குள் இறங்கும். சாராய வகைகளில் மறைந்துவிடும் இந்த வாடை, மெல்லிய வெள்ளை ஒயினில் அப்பட்டமாகத் தெரியும்.

போர் தண்ணீரில் உப்பும் கடினமும் உள்ள தெருக்களில் அதை ஐஸுக்குப் பயன்படுத்தாதீர்கள். கேன் தண்ணீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற வைத்து ட்ரேயில் ஊற்றுங்கள். கொதிக்கும்போது கரைந்திருந்த காற்று வெளியேறுவதால் கட்டி கொஞ்சம் தெளிவாக, கெட்டியாக வரும். உறைந்ததும் மூடியுள்ள டப்பாவுக்கு மாற்றி, இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். கரண்ட் போய் வந்து, உருகி மறுபடி உறைந்து ஒன்றோடொன்று ஒட்டிய ஐஸ் வாளிக்கு மட்டும்.

மீன்பிடித் துறைமுகத்தில் படகுக்கு ஏற்றும் பார் ஐஸும் வாளிக்கு மட்டும்தான், அதுவும் பாட்டிலை வெளியே எடுத்ததும் வாயை நன்றாகத் துடைத்துவிட்டு. அது மீனைக் காக்கச் செய்தது, குடிக்கிற தண்ணீரில் செய்தது என்று நம்ப முடியாது. கடையில் பையில் விற்கும் ஓட்டை போட்ட டியூப் ஐஸ் குடிக்கத் தக்கதாக இருந்தாலும், உள்ளும் புறமும் ஒயின் தொடுவதால் சீக்கிரம் கரையும். பெரிய சதுரக் கட்டி வரும் சிலிக்கான் ட்ரே ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. 4 செ.மீ. பக்கமுள்ள கட்டி ஏறக்குறைய 60 கிராம். அதே எடைக்குச் சிறு கட்டிகளை விட வெளிப்பரப்பு குறைவு, அதனால் நிதானமாகக் கரையும்.

எதில் போடலாம்

குளிர் நாக்கில் என்ன செய்கிறது என்று தெரிந்தால் பட்டியல் மனப்பாடம் தேவையில்லை. குளிர்ந்தால் இனிப்பு மங்கும், மணம் அடங்கும், புளிப்பு எடுப்பாகும், துவர்ப்பும் கசப்பும் கூடும். ஆகவே இனிப்பும் பழச்சுவையும் தூக்கலாக உள்ள ஒயின் ஐஸைத் தாங்கும். துவர்ப்பு உள்ளது தாங்காது.

ரோஸே முதலிடம். நாசிக் பக்கத்துச் செனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின், குறிப்பாகக் கொஞ்சம் இனிப்பு வைத்தவை, நன்றாகவே இருக்கும். திராட்சையைத் தாமதமாகப் பறித்துச் செய்யும் இனிப்பு ஒயினுக்கு ஒரு கட்டி ஐஸ் நன்மைதான் செய்யும், திகட்டல் குறையும். நம் கடைகளில் கிடைக்கும் இனிப்பான இந்திய போர்ட் ஒயினும் அப்படியே. சாவின்யோன் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் புல் வாசனையும் புளிப்பும் உள்ளது. ஒரு சிறு கட்டிக்கு மேல் போட்டால் வெறும் எலுமிச்சைத் தண்ணீர் போல் ஆகிவிடும்.

நுரைக்கும் ஒயினில் பாட்டிலில் எழுதியிருப்பதைப் பாருங்கள். புரூட் என்றால் லிட்டருக்கு 12 கிராமுக்குள் சர்க்கரை. ஐஸ் போட்டால் புளிப்பு மட்டும் எஞ்சும். டெமி செக் என்றால் 32 முதல் 50 கிராம். இது ஐஸுக்கு ஏற்றது. ஷாம்பெயின் தயாரிக்கும் நிறுவனங்களில் பெயர்பெற்ற மோயெட் எ ஷாந்தோன், ஐஸ் போட்டுக் குடிப்பதற்கென்றே 'ஐஸ் இம்பீரியல்' என்று ஒன்றை விற்கிறது. அதுவும் டெமி செக் தான். ஐஸின் சொரசொரப்பான மேற்பரப்பு வாயுவைக் கிளப்பி நுரையைப் பொங்க வைக்கும் என்பதால், கட்டிகளைக் குளிர்ந்த தண்ணீரில் ஒரு முறை அலசி வழவழப்பாக்கிவிட்டு, கிளாஸைச் சாய்த்து, ஓரமாக ஊற்றுங்கள்.

கேபர்நே, ஷிராஸ் போன்ற துவர்ப்பான சிவப்பில் ஐஸ் போடாதீர்கள். தண்ணீராகவும் ஆகும், மேல் அண்ணத்தையும் கவ்வும். பாட்டிலை 16 டிகிரிக்குக் குளிர வைத்தாலே அது வேறு ஒயினாகத் தெரியும். ஓக் வாசனையுள்ள வெள்ளைக்கும், வருடக்கணக்கில் காத்திருந்து திறக்கும் எந்தப் பாட்டிலுக்கும் ஐஸ் வேண்டாம். அவற்றில் நீங்கள் காசு கொடுத்து வாங்கியது மணத்தை, குளிர் அதைத்தான் முதலில் அமுக்கும்.

கிளாஸில் போடும் முறை

பெக் அளக்கும் 60 மி.லி. மெஷர் வீட்டில் இருக்குமே, அதில் இரண்டு: 120 மி.லி. குளிர்ந்த ஒயின். ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸை ஒரு நிமிடம் வெளியே வைத்து, மேலே பூத்த வெண்பனியைத் தண்ணீரில் அலசிக் களையுங்கள். அந்த வெண்பனிதான் வாடையைச் சுமப்பது. எடுத்தவுடன் போட்டால் கட்டி படக்கென்று வெடித்துச் சில்லுகளாகி வேகமாகக் கரையும். ஒயின் முதலில், கட்டி பிறகு. ஒரே ஒரு கட்டி. கிளாஸைத் தண்டில் பிடித்து மெதுவாகச் சுழற்றி, முப்பது விநாடி கழித்துச் சுவைத்துப் பாருங்கள். குளிர் போதுமென்றால் கரண்டியால் கட்டியை எடுத்துவிடலாம். கரைந்த பகுதி தன் வேலையைச் செய்துவிட்டது. மிதப்பது இனி நேரம் போகப் போகத் தண்ணீராகத்தான் மாறும்.

பிரான்ஸின் தென்பகுதியில் கோடையில் குடிக்கும் பிசீன் இதற்கு நேர் எதிர் முறை. அரை லிட்டர் பிடிக்கும் பெரிய உருண்டைக் கிளாஸில் பெரிய கட்டிகள் நான்கைந்தை முதலில் நிரப்பி, 4, 5 டிகிரி வரை குளிர்ந்த ரோஸேயை 150 மி.லி. ஊற்றுவார்கள். ஒயின் ஏற்கெனவே குளிர்ந்திருப்பதால் ஐஸ் உடனே கரையாது. புதுச்சேரியில் இதைச் செய்தால் பத்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். நிதானமாகக் குடிப்பவர்கள் 100 மி.லி. ஊற்றிக்கொள்வது நல்லது. இரண்டே இரண்டு சிறு கட்டி போட்ட பிசீன் வெறும் வெதுவெதுப்பான கலவையாகத்தான் முடியும்.

ஐஸ் வேண்டாம் என்பவர்களுக்கு உறைந்த திராட்சை நல்ல வழி. விதையில்லாத பச்சைத் திராட்சையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, தட்டில் ஒட்டாமல் பரப்பி 4 மணி நேரம் உறைய வையுங்கள். கிளாஸுக்கு ஏழெட்டுப் பழம். தோல் இருப்பதால் தண்ணீர் ஒயினில் கலக்காது. ஐஸை விட மெதுவாகக் குளிர்விக்கும், அதனால் இதற்கும் ஒயின் முன்பே குளிர்ந்திருக்க வேண்டும். கம்பம் பன்னீர் திராட்சை மணம் நன்றாக இருக்கும், விதை கடிபடும். கடைகளில் விற்கும் கல் துண்டுகளில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். 25 கிராம் கல் ஒன்று 120 மி.லி. ஒயினை ஒன்றரை டிகிரிகூடக் குறைக்காது. ஐஸின் பலம் அது உருகும்போது இழுக்கும் சூட்டில் இருக்கிறது, கல்லுக்கு உருகும் வேலை இல்லை.

தண்ணீர் கலப்பவர்கள் யார் யார்

ஒயினில் எதையும் கலப்பது நாகரிகமில்லை என்ற எண்ணம் நம்மிடம் ஹோட்டல்கள் வழியாக வந்தது. ஒயின் விளையும் ஊர்களில் நிலைமை வேறு. பழைய கிரேக்கர்கள் பெரிய ஜாடியில் தண்ணீர் கலந்துதான் பரிமாறினார்கள். கலக்காமல் குடிப்பதை முரட்டுத்தனமாகப் பார்த்தார்கள். அந்த மத்தியதரைக் கடல் பகுதியிலிருந்து ஒயின் வந்த ஆம்போரா ஜாடிகளின் துண்டுகள், 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில், நம் அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலேயே கிடைத்திருக்கின்றன.

ஹங்கேரியில் ஒயினும் சோடாவும் சேர்ந்த ஃப்ரோச் வகைகளுக்கு அளவுக்கு ஒரு பெயர் உண்டு: 100 மி.லி. ஒயினுக்கு 100 மி.லி. சோடா ஒன்று, 200-க்கு 100 ஒன்று, 100-க்கு 200 இன்னொன்று. ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் இதே பழக்கம் வேறு பெயர்களில் இருக்கிறது. ஸ்பெயினில் கோடைக்குச் சிவப்பு ஒயினும் எலுமிச்சைச் சோடாவும் சரிபாதி, நிறைய ஐஸ். அதன் பெயர் தின்தோ தெ வெரானோ. வட ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் சிவப்பு ஒயினில் கோலா கலக்கிறார்கள்.

நம் வெயிலுக்கு இவற்றில் மிகப் பொருத்தம் ஹங்கேரி முறைதான் என்பது எங்கள் துணிபு. ஒயினும் சோடாவும் இரண்டுமே ஃப்ரிட்ஜில் குளிர்ந்தவை, ஐஸே தேவையில்லை, வாயு இருப்பதால் நீர்த்த உணர்வும் வராது. ஒயினை முதலில், சோடாவைப் பிறகு ஊற்றுங்கள். சாதா சோடா மட்டும். பன்னீர் சோடாவின் இனிப்பும் ரோஜா மணமும் ஒயினை மூடிவிடும். துவர்ப்பு அதிகமான மலிவுச் சிவப்பு கையில் இருந்தால் அதற்கு ஸ்பெயின் வழி. எலுமிச்சைப் பானத்தின் இனிப்பு துவர்ப்பைச் சமன் செய்வதால், சிவப்பில் ஐஸ் கூடாதென்று மேலே சொன்னது இங்கே மட்டும் பொருந்தாது. பழத்துண்டு ஊறவைக்கும் சாங்ரியாவுக்கு ஜாடியில் ஐஸ் போடாமல், ஊற்றும் நேரத்தில் கிளாஸில் போடுங்கள். ஜாடியில் போட்டால் கடைசி விருந்தாளிக்குக் கலர் தண்ணீர்தான் மிஞ்சும்.

பிரெஞ்சுப் படையில் இருந்து திரும்பிய சொல்தா குடும்பங்கள் சிலவற்றில் இன்றும் பாஸ்திஸ் என்ற சோம்பு மணமுள்ள பிரெஞ்சு மதுவின் பாட்டில் இருக்கும். அது ஒயின் இல்லை, ஆனாலும் ஐஸ் கேள்வி அங்கேயும் உண்டு: ஒரு பங்கு பாஸ்திஸுக்கு ஐந்து பங்கு குளிர்ந்த தண்ணீர், அதற்குப் பிறகே ஐஸ். நேராக ஐஸைப் போட்டால் சோம்பு எண்ணெய் துகளாகத் திரண்டு மேலே மிதக்கும்.

மேசையில்

நம் வழக்கத்தில் குடிப்பது முதலில், தொட்டுக்கொள்ள சைட் டிஷ், சாப்பாடு கடைசியில். பிராந்தியோ விஸ்கியோ பெக் ஊற்றி, தண்ணீரும் ஐஸும் விளிம்புவரை நிரப்புவதே கைப்பழக்கம். பிரெஞ்சு வழக்கத்தில் ஒயின் சாப்பாட்டோடு சேர்ந்தது. கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற மாட்டார்கள். இரண்டும் கலந்த விருந்துகள் இந்த ஊரில் சாதாரணம். ஐஸை ஒரு கிண்ணத்தில் இடுக்கியோடு தனியாக வைத்துவிடுங்கள், "மாமா, ஐஸ் போட்டுக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு அவர் கையிலேயே விடுங்கள். பெரியவர் போட்டுக்கொள்கிறார் என்றால் பக்கத்தில் நின்று பாடம் நடத்த வேண்டியதில்லை. பாட்டில் குளிர்ந்திருந்தால் அவர் போடும் ஐஸ் தானாகக் குறையும்.

மிளகாய்க் காரத்தோடு அதிக ஆல்கஹாலும் துவர்ப்பும் சேர்ந்தால் நாக்கு எரியும். இறால் வறுவல், காரமான மீன் வறுவலுக்கு ஐஸ் போட்ட ரோஸேயோ, கொஞ்சம் இனிப்பான செனின் பிளாங்கோ நன்றாக ஒத்துப்போகும். அந்த மேசையில் ஷிராஸ் பாட்டிலைத் திறப்பது வீண்.

ரெஸ்டாரண்டில் சூடாக வந்தால் கிளாஸில் ஐஸ் கேட்காதீர்கள். "தம்பி, பாட்டில ஐஸ் பக்கெட்ல வச்சிடுங்க, ஐஸோட தண்ணியும் ஊத்துங்க" என்று சொல்லுங்கள். சிவப்புக்கும் இதைத் தயங்காமல் கேட்கலாம். கிளாஸ் கணக்கில் வாங்குபவர்கள், பாட்டில் ஃப்ரிட்ஜிலிருந்து வருகிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

ஐஸ் போட்ட ஒயின் தண்ணீர் போல் இறங்கும், எத்தனை கிளாஸ் என்று கணக்குத் தவறும். பாட்டிலில் குறைந்த அளவைப் பாருங்கள்; 750 மி.லி. பாட்டில் என்றால் 120 மி.லி. வீதம் ஆறு கிளாஸ். வண்டி ஓட்டுபவருக்கு இரத்தத்தில் 100 மி.லி.க்கு 30 மி.கி. ஆல்கஹால் என்பதே சட்ட வரம்பு. ஐஸ் கரைந்த தண்ணீர் கலந்தாலும் உள்ளே போகும் ஆல்கஹாலின் அளவு அதேதான்.

வாங்கும்போதும், மிஞ்சும்போதும்

ஏ.சி. இல்லாத கடையில் வெயில் படும் கண்ணாடி அலமாரியில் நின்ற பாட்டிலை எடுக்காதீர்கள். கார்க் மேலே துருத்தியிருந்தாலோ, கழுத்தில் ஒழுகிய பிசுபிசுப்பு இருந்தாலோ, வெள்ளை ஒயின் பழுப்பேறியிருந்தாலோ அது வெந்துபோன ஒயின். எந்த ஐஸும் அதைத் திருத்தாது. வாங்கியதைப் பூட்டிய காரில் விட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போனாலும் அதே கதி. வீட்டில் பரண், ஃப்ரிட்ஜின் தலை, அடுப்படி மூன்றும் ஆகாது. ஒயின் அலமாரி இல்லாதவர்கள், அடுத்த சில மாதத்தில் குடிக்கப் போகிற சிவப்பைக்கூட ஃப்ரிட்ஜிலேயே வைத்துவிட்டு, குடிக்கும் முன் சற்று நேரம் வெளியே எடுத்து வைக்கலாம்.

திறந்து மிஞ்சியதைத் திருகு மூடியோ கார்க்கோ போட்டு இறுக்கி, நிற்க வைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெள்ளையும் ரோஸேயும் 3 முதல் 5 நாள், சிவப்பு 3, 4 நாள் தாங்கும். நுரைக்கும் ஒயின் மறுநாளே வாயு இழக்கும். அரை கிளாஸ்தான் மிஞ்சியது என்றால் ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறைய வைத்துவிடுங்கள். வீட்டு ஃப்ரீசரில் அது கல் போல் இறுகாது, கொழகொழவென்றே நிற்கும். மூடியுள்ள ட்ரே வேண்டும், எடுத்தவுடன் போட வேண்டும். அடுத்த முறை அதே வகை ஒயினில் இரண்டு கட்டி போட்டால் குளிரும் கிடைக்கும், தண்ணீரும் சேராது.